நிறுவனத்தின் ஞாபகம்

சிரஞ்சீவி தம்பிக்கு,

அலுவலகத்துச் செய்முறைக் குறிப்புகளையெல்லாம் ஒருசேரத் தொகுத்து வைக்க, உங்கள் லினக்ஸ் சர்வரிலேயே ஒரு விக்கியை நிறுவும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய், மகிழ்ந்தேன். முன்பு நான் உத்தியோகம் பார்த்த ஓரிடத்தில், நெடுங்காலம் இயந்திரங்களைப் பராமரித்து வந்த பெரியவர் திடீரென நோயில் படுத்தபோது, எந்தப் பேக்கப் எங்கே இருக்கிறதென்று அறிந்தவர் வேறொருவரும் இல்லாமல் மூன்று நாள் நாங்கள் பட்ட தவிப்பு இன்னும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆகையால் இதனைச் சில்லறை வேலையென்று எண்ணிவிடாதே.

வார்ட் கன்னிங்காம் 1995 இல் முதல் விக்கியைத் தோற்றுவித்து, விரைவு எனப் பொருள்படும் ஹவாய்ச் சொல்லை அதற்குச் சூட்டிய பிறகு, எத்தனையோ விக்கி மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றுள் நான் உனக்குச் சிபாரிசு செய்வது, 2004 இல் ஆண்ட்ரியாஸ் கோர் தொடங்கிய டோக்குவிக்கி. மீடியாவிக்கிக்கு ஒரு டேட்டாபேஸ் அவசியம். டோக்குவிக்கியோ பக்கத்துக்கு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக 'டேட்டா' ஃபோல்டரில் எழுதி வைக்கிறது. ஆதலால், விக்கியே இயங்காத நாளிலும் அதன் எழுத்து எந்த எடிட்டரிலும் படிக்கக் கிடைக்கும்.

டெபியன் சர்வரில் அப்பாச்சியையும் பி.எச்.பி.யையும் ஏற்றி, டோக்குவிக்கியைப் பிரித்து வைத்து, பிரௌசரில் இன்ஸ்டாலரைத் திறந்தவுடன், ஃபோல்டரில் எழுத அனுமதியில்லை என்ற செய்தி வருமாயின் கலங்காதே. நீ ரூட்டாக நின்று பிரித்த ஃபைல்கள், வெப் சர்வர் இயங்கும் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா' என்னும் பயனருக்கு உரியனவாக இல்லை என்பதே காரணம். அவசரப்பட்டு, எவரும் எழுதலாமென்று 777 கொடுத்துவிடுவோர் உண்டு. பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கும் காரியம் அது. உரிமையாளரை மாற்று, அதுவே பரிகாரம். நிறுவி முடித்ததும் 'இன்ஸ்டால்.பி.எச்.பி' ஃபைலை அழித்துவிடு.

பின்னர், மறவாமல் ஒரு பரீட்சை செய். 'டேட்டா' ஃபோல்டருக்குள் இருக்கும் ஒரு பக்கத்தின் டெக்ஸ்ட் ஃபைலை, அதன் முழு முகவரியையும் பிரௌசரில் அடித்து நேராகக் கேட்டுப் பார். 403 என்று சர்வர் மறுக்க வேண்டும். எழுத்து கண்ணுக்குத் தெரிந்தால், நீ இட்ட கடவுச்சொற்கள் யாவும் விருதா. 'எச்.டி.அக்செஸ்' ஃபைல் காவலிருக்கிறதே என்று சமாதானம் கொள்ளாதே. டெபியனின் அப்பாச்சி, 'அலவ்ஓவர்ரைடு' அனுமதித்தாலன்றி அதனைப் பொருட்படுத்துவதில்லை. அப்பாச்சிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் வைத்தாலோ, அது அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை, அங்கே தடையை நீயே அதன் அமைப்பில் எழுத வேண்டும்.

நாள்தோறும் 'டேட்டா', 'கான்ஃப்' என்னும் இரு ஃபோல்டர்களையும் வேறொரு இயந்திரத்துக்குப் பிரதியெடு. பழைய பிரதிகள்கூட 'அட்டிக்' என்னும் உள்ஃபோல்டரில் சுருக்கப்பட்டுக் கிடப்பதால், எந்தப் பக்கம் எப்போது எப்படி இருந்தது என்ற சரித்திரமும் உடன் வந்துவிடும்.

உன் விக்கியின் முதற்பக்கமாக, அந்த விக்கியை மீட்டெடுக்கும் முறையையே எழுது. எழுதியபின், அந்த ஒரு பக்கத்தை மட்டும் காகிதத்தில் அச்சிட்டு, அலுவலக அலமாரியில் எல்லோரும் அறிய வைத்துவிடு. சர்வர் படுத்த நாளில், நீயும் ஊரில் இல்லாதபோது, உன் இடத்தில் அமர்ந்திருப்பவர் தேடுவது அந்தத் தாளைத்தான்.

இங்ஙனம்,
உன் பெரியப்பா