வீட்டு முன்றலில் ஒரு பூப்பாத்தி

இலண்டனில் எம்மவர் வீடுகளின் முன்றல் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் களை மண்டிக் கிடக்கும், அல்லது கல் பதித்துக் கார் நிற்கும். இரண்டுக்கும் காரணம் நேரமின்மை. பகலில் ஒரு வேலை, இரவில் இன்னொன்று, சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை. ஆனால் கல் பதித்தால் மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வீதிக்கு ஓடி வெள்ளத்தைக் கூட்டும். 2008 முதல் இங்கிலாந்தில், நீர் வடிய வழி வைக்காமல் முன்றலில் 5 சதுர மீற்றருக்கு மேல் தளம் போடுவதற்கு அனுமதி பெறவேண்டும்.

நாமும் முதலில் பிழைதான் விட்டோம். ஊரில் செவ்வரத்தை ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, தேமா ஒன்று என நின்றன. இடையில் வெறும் மணல். அம்மா தினமும் கூட்டுவார். அதே பழக்கத்தில் இங்கும் இனத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கன்றுகள் நட்டோம். இடைவெளியெல்லாம் களை. இரண்டு வருடத்தில் மிஞ்சியவை மூன்று! கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கே இந்தக் கணக்குப் பிடிபடவில்லை.

ஊரில் வற்றாளைக் கொடி மூடிய பாத்தியை நினைத்துப் பாருங்கள். அதற்குள் புல் தலைகாட்டுமா? வெயில் படாத மண்ணில் களை விதை முளைப்பது அரிது. ஆகவே இனங்களைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் பல கன்றுகளை நெருக்கி நடவேண்டும். இதைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் டவர் பிரிட்ஜ் அருகிலுள்ள பொட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவுக்குச் செல்லலாம். ஒல்லாந்தரான பீற் ஔடொல்ஃப் அங்கு பூச்செடிகளைக் கூட்டங்கூட்டமாக நடுவித்தார். பார்பிகன் குடியிருப்பில் கட்டடக் கூரையின் மேலேயே நைஜல் டனெற் அமைத்த தோட்டமும் உண்டு. முன்பு அதிகம் நீர் கேட்ட செடிகளுக்குப் பதிலாக வரட்சி தாங்குபவை நடப்பட்டன.

இனி எமது கணக்கு. முன்றல் 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம்: 12 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 6 கன்று வீதம் 72. ஒரே தடவையில் வாங்கக் கைபொறுக்காது. எனவே 24 கன்றுகள் வாங்கி மூன்றில் ஒரு பங்கை மட்டும் நட்டோம். மீதியைக் காட்போட் மட்டையாலும் மரப்பட்டைத் தூளாலும் மூடினோம். அடுத்தடுத்த வருடங்களில் கிழங்குவேரைப் பிரித்து நட்டதால் மேலதிகச் செலவில்லை. நிழலுக்கு நாம் தெரிந்தது ஜெரேனியம் மக்ரோரைசம். யன்னலோரச் சாடிகளில் சிவப்பாகப் பூப்பது வேறு. அது உறைபனியில் செத்துவிடும். வெயில் விழும் பக்கத்துக்கு நெப்பெற்றா நல்லது, தேனீ மொய்க்கும். "சாமிக்குப் பூ?" என்று அம்மா கேட்டதால் ஒரு ஓரம் முழுவதும் குளிர் தாங்கும் செவ்வந்தி.

முதல் வருடம் களை பிடுங்கவும் தண்ணீர் விடவும் வேண்டும். அதில் ஏமாற்று இல்லை. அதன்பின் மாசியில் ஒருதரம் காய்ந்த தண்டுகளை வெட்டினால் போதும். நடுவதற்கு நல்ல காலம் நவராத்திரி முடிந்த கையோடு, மண்ணில் சூடு இருக்கும்போதே. அதற்கு முன் களையை, குறிப்பாக வெள்ளை வேரோடும் கொடியை, கிளறி எடுத்துவிடுங்கள். ஒரு துண்டு விட்டாலும் திரும்ப வரும்.