நாற்பதைத் தாண்டியவர்கள் நண்பர்களோடு ஓட 13 குறிப்புகள்

காலை ஐந்தரை மணிக்குக் கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். நரைத்த தலைகள் கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டே ஓடுவதைக் காணலாம். கல்லூரித் தோழர்கள் ஊருக்கொருவராய்ப் பிரிந்து, பிள்ளைகள் படிப்பும் வேலையுமாய் வெளியே கிளம்பிய வயதில், புதிதாக நட்பு கிடைக்கிற இடங்கள் குறைவு. ஓட்டக் குழு அப்படியோர் இடம். வேகமாக ஓடுவதற்கான குறிப்புகள் அல்ல இவை. பல வருடம், நல்ல மனிதர்களோடு, சந்தோஷமாக ஓடுவதற்கானவை.

1. முதலில் மருத்துவர். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால் டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்றும் கேளுங்கள். ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ கையிலோ வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நின்றுவிடுங்கள். ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

2. முதல் நாளே முழுக்க ஓட வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் போதும். ஓட்டத்தையும் நடையையும் கலக்கும் முறையைப் பிரபலமாக்கிய ஜெஃப் கேலோவே, 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஆகவே நடப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. ஒன்பதே வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் பயிற்சித் திட்டம் ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதை 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தபோது அவர் மனதில் இருந்தது, ஐம்பதைத் தாண்டிய தன் அம்மா.

3. பேச முடிகிற வேகமே சரியான வேகம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிகிறதா? அந்த வேகத்தில் ஓடுங்கள். ஒற்றைச் சொல்லில்தான் பதில் வருகிறதென்றால் குறைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கும் தசைகளுக்கும் அடித்தளம் போடுவது இந்த மெதுவான ஓட்டம்தான். நட்புக்கும் அப்படியே. எதிரெதிரே உட்கார்ந்து சொல்லத் தயங்குகிற விஷயங்கள் தோளோடு தோள் ஓடும்போது தானாக வரும். அம்மாவின் மறதி, மகனின் வேலை, வீட்டுக் கடன், கண்களைப் பார்க்காமலே பேசிவிடலாம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். புதிதாக வந்தவர் பின்தங்கினால் அவர்தான் திரும்பி வருவார். “மூச்சு வாங்குதுங்களா? அந்த மரம் வரைக்கும் நடந்துக்கலாமுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்பார். மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்டுவார். ஒவ்வொரு குழுவுக்கும் இப்படி ஒருவர் வேண்டும்.

4. ஷூ வாங்க மாலையில் போங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும், அப்போது பார்க்கும் அளவுதான் சரியாக இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே அணிந்து பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் பெரும்பாலான ஷூக்களின் மெத்தை செத்துவிடும். மேலே புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

5. மழையில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். உள் அட்டையைத் தனியே எடுத்து, நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குத் தயார். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும். வாஷிங் மெஷினும் வேண்டாம்.

6. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். உரசி புண்ணும் வரும். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் டீ-ஷர்ட் நல்லது. அதைத் துவைக்கும்போது வாசனை கண்டிஷனர் ஊற்றாதீர்கள், துணி வியர்வையை வெளியேற்றும் தன்மையை இழக்கும். நாற்றம் போகாவிட்டால் அரை வாளித் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி ஊறவையுங்கள். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாஸ்லின் தடவிக்கொண்டு கிளம்பினால் எரிச்சல் வராது. பெண்களுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான அவசியம். டீ-ஷர்ட், டிராக் பேன்ட்டில் வெளியே வரக் கூச்சமாக இருந்தால் முட்டி வரை நீளும் லூசான டீ-ஷர்ட் போதும். இரண்டாம் வாரத்தில் கூச்சம் போய்விடும்.

7. இது வீட்டில் உள்ள மற்றவர்களுக்கான குறிப்பு. அம்மா ஓடப் போகிற நாளில் காலைக் காபியை வேறொருவர் போடட்டும். காயை முந்தின இரவே நறுக்கி வைப்பது, பிள்ளைகளின் பை தயார் செய்வது எல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலைகள்தான். நாற்பது வயதுப் பெண்கள் ஓட வராததற்குப் பெரும்பாலும் காரணம் கால் அல்ல, அடுப்பு. வாரம் மூன்று காலைகளை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பது பெரிய தியாகம் ஒன்றுமில்லை.

8. கிளம்புமுன் பாதி வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ போதும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் எப்போது சாப்பிட்டு எப்போது ஓடுவதென்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கூட ஓடுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

9. ரோட்டில் ஓடினால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓடுங்கள். இருட்டில் வெளிர்நிறச் சட்டை, முடிந்தால் ஒளிரும் பட்டை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முறைக்காமல் மெதுவாக நடந்து கடந்துவிடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். பெண்கள் புதிய பாதையில் போகுமுன் எந்தக் கழிப்பறை அந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை.

10. “மூட்டு தேஞ்சிடும்” என்று பயமுறுத்துவார்கள். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாதவர்களில் அது 10.2 சதவீதம். ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்கள் எலும்பு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்கள் தூரத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் இருந்தால் போதும். பால் பொங்கும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும் முழங்காலுக்குக் காவல்.

11. குழுவைத் தேடுங்கள், இல்லாவிட்டால் தொடங்குங்கள். சென்னையில் 2006-இலிருந்து ‘சென்னை ரன்னர்ஸ்’ இருக்கிறது. சிறிய ஊர்களில் அரசுக் கல்லூரி மைதானமோ மாவட்ட விளையாட்டரங்கமோ போய், தினமும் வருபவரிடம் பேச்சுக் கொடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தாலே குழுதான். ‘நாளைக்கு யார் வர்றீங்க?’ என்று வாட்ஸ்அப்பில் ஓட்டெடுக்காதீர்கள். ஞாயிறு, ஐந்தே முக்கால், இந்த கேட் என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணம்தான் மார்கழிக் குளிரிலும் போர்வையை உதற வைக்கும். ஓடி முடித்து வீட்டுக்குப் பாயாமல் டீக்கடையில் அரை மணி நேரம் நில்லுங்கள். வாரம் ஒருவர் சுண்டலோ இட்லியோ கொண்டுவரலாம். வியர்வைச் சட்டையோடு நிற்கும் அந்த வட்டத்தில் டாக்டரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே தட்டில் கை நீட்டுகிறார்கள். வேறெங்கும் அவர்கள் நண்பர்களாகியிருக்க வாய்ப்பில்லை.

12. வருடம் ஒரு பந்தயத்துக்காவது சேர்ந்து போங்கள். பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் பரிசும் கிடையாது, நேரக் கணக்கும் கிடையாது. மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் சும்மா சந்தோஷத்துக்காக ஓடுகிறார்கள். நடுவயதில் முதல் பந்தயம் ஓடுபவருக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கோவை மாரத்தான் 2013-இலிருந்து கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. வயதாகிவிட்டது என்று தயங்குபவரிடம் ஃபௌஜா சிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து மீள ஓட்டத்தைப் பிடித்துக்கொண்ட அவர், 89 வயதில் லண்டனில் முதல் மாரத்தானை ஓடினார். 2011-இல், நூறு வயதில், டொராண்டோ மாரத்தானை முடித்தார். ஓட முடியாத வருடம் தண்ணீர்ப் பந்தலில் நின்று டம்ளர் நீட்டுங்கள். அதுவும் பந்தயத்தில் பங்கெடுப்பதுதான்.

13. நடுவயதில் ஓடுபவர்கள் காணாமல்போவது சோம்பலால் அல்ல. மாமியாருக்கு அறுவை சிகிச்சை, மகளுக்கு ப்ளஸ் டூ, வேலை போன கவலை என்று ஏதாவது இருக்கும். இரண்டு வாரம் வராதவருக்குக் குழுவில் செய்தி போடாமல், தனியாகப் போன் செய்யுங்கள். “ஏன் வரலை?” என்று கேட்க வேண்டாம். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” போதும். நாற்பது பேர் உள்ள குழுவிலும் பல நேரம் இந்த ஒரு போனை யாரும் செய்வதில்லை. உங்கள் குழுவில் அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.