திரும்பும்போது எழும் உராய்வுச் சத்தம்: காரணம் அறிந்து திருத்துவோம்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரு பழைய காரையோ வானையோ வைத்திருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். காலையில் மரக்கறி மூடைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதே வாகனந்தான். அது பழுதாகி நின்றால் பல வீடுகளின் வருமானமும் நின்றுவிடும்.

நேரே ஓடும்போது அடங்கியிருந்து, வளைவில் திரும்பும்போது சில்லுப் பக்கத்தில் "கர்ர்ர்" என எழும் சத்தத்தைச் சாரதிகள் பலர் பொருட்படுத்துவதில்லை. சில்லுப் பெயாரிங் உடைந்தால் சில்லு இறுகிப் போகலாம், கழன்றும் போகலாம். ஆகவே இதனை உடனே கவனிக்க வேண்டும்.

ஏன் திரும்பும்போது மட்டும்?

வாகனம் வலப்பக்கம் திரும்பும்போது அதன் பாரம் இடப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கச் சில்லுகள் பாரத்தைத் தாங்குகின்றன. தேய்ந்த பெயாரிங் பாரம் கூடும்போது அதிகம் சத்தமிடும். எனவே வலப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

சத்தத்தை வேறுபடுத்தி அறிதல்

எல்லாச் சத்தமும் பெயாரிங்கினால் வருவதல்ல. பணம் செலவழிக்க முன் பின்வருவனவற்றை அவதானியுங்கள்.

1. வேகத்துடன் கூடிக் குறையும் இரைச்சல்: பெயாரிங்.
2. பிறேக்கை மெதுவாக மிதித்ததும் மாறும் உராய்வு: தேய்ந்த பிறேக் கட்டை, அல்லது தகட்டுக்குள் அகப்பட்ட சிறு கல். கல்லை எடுத்துவிட்டால் செலவே இல்லை.
3. ஸ்ரியறிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மட்டும் வரும் உராய்வு: ரயர் மட்காட்டில் முட்டுகிறது. உட்புறம் தேய்ந்து மினுங்கும் அடையாளம் இருக்கும். பொருந்தாத பெரிய ரயர் அல்லது உடைந்த வில்லு காரணமாகலாம்.
4. முன்சில்லுகள் இழுக்கும் கார்களில், ஒடித்தபடி வேகம் கொடுக்கும்போது "டக் டக்" எனும் சத்தம்: அச்சின் மூட்டு தேய்ந்துள்ளது. றப்பர் உறை கிழிந்து கிறீஸ் சிதறியிருக்கும்.
5. வாகனம் நிற்கையிலும் ஸ்ரியறிங்கைத் திருப்ப வரும் முனகல்: பவர் ஸ்ரியறிங் எண்ணெய் குறைவு, அல்லது மூட்டுகளில் கிறீஸ் இல்லை.

சோதிக்கும் முறை

ஆள் நடமாட்டமற்ற வெளியில் மெதுவாக வலமும் இடமும் வட்டமாக ஓட்டிச் சத்தம் எந்தப் பக்கம் எனக் கேளுங்கள். பின்னர் வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கினால் உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. உறுதியான தாங்கி அல்லது தடித்த மரக்குற்றிகள் வைக்க வேண்டும். சீமெந்துக் கல் திடீரென நொருங்கும். அதனை ஒருபோதும் வைக்காதீர்கள்.

சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங்கே காரணம். தொடர்ந்தால் சில்லைத் தாங்கும் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். அடுத்து ஒரு கையை வில்லின் மேல் வைத்து, மற்றக் கையால் சில்லைச் சுழற்றுங்கள். தேய்ந்த பெயாரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும்.

திருத்தும் முறை

பின்சில்லுகள் இழுக்கும் பழைய வாகனங்கள் பலவற்றின் முன்சில்லில் உருளை வடிவப் பெயாரிங்குகள் இரண்டு இருக்கும். அவற்றை நாமே கழற்றிப் பூட்டலாம். பிறேக் தூசியை ஊதக் கூடாது. அதில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள். பிறேக் பகுதியைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். எண்ணெய்க் குழாயில் தொங்கக் கூடாது.

பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். உருளைகளில் குழியோ, துருவோ, சூட்டினால் வந்த நீல நிறமோ இருந்தால் புதிதே போட வேண்டும். உருளைகளை மாத்திரம் மாற்றி வெளி வளையத்தைப் பழையதாக விடுவது வீண்செலவு. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் சீலும் புதிதாக இருக்கட்டும்.

பெயாரிங் கிறீஸை உள்ளங்கையில் எடுத்து, பெயாரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி, மறுபக்கம் வெளிவரும்வரை நிரப்புங்கள். பழைய கிறீஸோடு புதியதைக் கலக்காதீர்கள். பூட்டும்போது சில்லைச் சுழற்றியபடி நட்டை இறுக்கி, பின் சற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் இறுக்குங்கள். கைந்நூலில் வேறு அளவு இருந்தால் அதனையே பின்பற்றுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பெயாரிங் சூடாகி எரிந்துவிடும். கொட்டர் பின் புதிதாக இருக்க வேண்டும். சில நாள் ஓடியபின் ஆட்டத்தை மறுபடி சோதியுங்கள்.

முன்சில்லுகள் இழுக்கும் கார்களில் பெயாரிங்கை அழுத்திப் பூட்ட இயந்திரம் தேவை. அதனைச் சுத்தியலால் அடித்துக் கெடுக்காமல் கராஜுக்குக் கொண்டு செல்லுங்கள். எந்தப் பக்கம், எப்போது சத்தம் வருகிறது எனத் தெளிவாகச் சொன்னால் தேவையற்ற பாகங்களுக்குப் பணம் கொடுக்க நேராது.

நீண்டகாலம் நின்ற வாகனங்கள்

1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், பின்வந்த இடப்பெயர்வுகளிலும், வாகனங்கள் பல மரத்தின் கீழும் வெயிலிலும் விடப்பட்டன. இவ்வாறு நின்ற வாகனத்தில் கிறீஸ் காய்ந்து, பெயாரிங்கில் துரு ஏறியிருக்கும். வெள்ளத்தில் நின்றதற்கும் இதுவே நடக்கும். அவற்றை ஓட்ட முன் நான்கு சில்லுகளையும் திறந்து பார்க்க வேண்டும்.

வயற்சேற்றில் இறங்கும் லான்ட்மாஸ்டர் பெட்டியின் சில்லுக்கும் இப்பாடம் பொருந்தும். அறுவடை முடிந்ததும் திறந்து கழுவிக் கிறீஸ் போட்டு வையுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. எமது குழுவின் வாகனத்தில் எப்பக்கம் சத்தம் வருகிறது? அதற்கான காரணத்தை எவ்வாறு அறிவோம்?
2. ஜக், தாங்கி, கிறீஸ் என்பவற்றைப் பொதுவாக வாங்கி வைக்க முடியுமா? யார் பொறுப்பேற்பது?
3. எமது இளைஞர்களில் இருவரை இவ்வேலை பழக அனுப்பலாமா? பழகி வந்தவர் மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுப்பாரா?