சாமியைப் போருக்குக் கூப்பிடும் முன்

மீன்சுருட்டியில் பிறந்து, சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே கோயில் பார்க்க வரும் இளம் பிள்ளைகள் சிலர் பையில் ஒரு கதைக்கட்டையும் வைத்திருக்கிறார்கள். இல்லாத நாடு, இல்லாத அரசர்கள், மாயப் போர். படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வாளும் யானையும் நன்றாகவே வருகின்றன. சாமி வரும் இடத்தில்தான் கதை படுத்துவிடுகிறது. பூசாரி கையைத் தூக்குகிறார், வானத்திலிருந்து நெருப்பு கொட்டுகிறது, எதிரிப்படை சாம்பலாகிறது. அப்படியென்றால் அதுவரை இருநூறு பக்கத்துக்கு வீரர்கள் எதற்காகச் செத்தார்கள்?

நேரில் வந்த பிள்ளைகளிடம் சொன்னதை, வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

1. சாமியைக் கூப்பிட்டது யார், கொடுத்தது என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரியைப் படியுங்கள். எயினர் குடியில் பிறந்த சாலினி மேல் தெய்வம் ஏறுகிறது. ஊர்மன்றத்தில் ஆடிக்கொண்டே அவள் பேசுவது கணக்கு. பகைவர் பட்டியில் மாடு நிறைந்திருக்கிறது, நம் மன்றம் காலியாகக் கிடக்கிறது, கொற்றவைக்குத் தரவேண்டிய கடனைத் தராமல் உங்கள் வில்லுக்கு வெற்றி வராது என்கிறாள். அந்த ஒரு பேச்சில் தெய்வத்தின் பசி, குடியின் வறுமை, சண்டைக்கான காரணம் மூன்றும் வந்துவிடுகின்றன. தொல்காப்பியமும் ஆநிரை கவரும் வெட்சித் திணையோடுதான் கொற்றவை நிலையைச் சேர்த்து வைத்திருக்கிறது. நம் மரபில் போர்த்தெய்வம் சும்மா வருவதில்லை. வாங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் கதையில் தெய்வம் எதையும் வாங்காமல் வந்தால், அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.

2. எல்லாரையும் 'பூசாரி' என்று ஒரே சொல்லில் அடைக்காதீர்கள்.

உடுக்கை அடித்து அருள் வந்து குறி சொல்பவர் பூசாரி. ஆகமப்படி கருவறையில் பூசை செய்பவர் குருக்கள். அரசனுக்குத் தீட்சை கொடுத்து அவன் காதருகே இருப்பவர் ராஜகுரு. நாள் நட்சத்திரம் குறித்துக் கொடுப்பவர் வேறு. பாளையத்தில் இந்த நான்கு பேரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் முதல் சண்டை அவர்களுக்குள்ளேயே வரும். குலத்தால் அந்தணராக இருந்து வாளெடுத்தவர்களும் உண்டு. ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமராயன் என்று பட்டம் பெற்றவர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகை அவர் எடுப்பித்தது. யாருக்கு எந்த வேலை என்று எழுதும்முன்பே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. வெற்றி யாருடையது என்ற வழக்கை முடித்து வைக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டு. பாண்டிய நாட்டு அரியணைக்குக் குலசேகரனும் பராக்கிரமனும் மோதிக்கொண்ட நேரம். இலங்கையிலிருந்து பராக்கிரமபாகுவின் படை, இலங்காபுரன் என்ற தண்டநாயகன் தலைமையில் இந்தப் பக்கம் இறங்கியது. சோழர் குலசேகரன் பக்கம் நின்றார்கள். எதிரிலிசோழ சம்புவராயன் என்ற தலைவனுக்குக் கலக்கம். படை உள்ளே வந்தால் கோயில் என்ன ஆகும், நாடு என்ன ஆகும் என்று உமாபதிதேவர் என்கிற ஞானசிவதேவர் என்ற சைவ குருவிடம் போய் நிற்கிறான். அவரோ, இந்தப் படை இராமேசுவரத்தில் பூசையை நிறுத்திக் கோயிலைக் கொள்ளையிட்டது, இவர்கள் சிவத்துரோகிகள், இவர்கள் ஓடுவதற்கு ஆனதை நான் செய்கிறேன் என்கிறார். 28 நாள் இடைவிடாமல் பூசை நடக்கிறது. அதன்பின் எதிரி தோற்றான் என்று செய்தி வருகிறது. சம்புவராயன் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடுக்கிறான்.

இதற்கு மறுபக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டில் இருக்கிறது. அது பல்லவராயன் என்ற சேனாபதியின் புகழைச் சொல்கிறது: இலங்காபுரன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து மாட்டினாராம். இலங்கையின் மகாவம்சத்தைத் திறந்தால் இலங்காபுரன் அடுக்கடுக்காக வென்றுகொண்டே போகிறான்.

ஒரே போர். ஒருவருக்கு அது பூசையின் வெற்றி, ஒருவருக்கு வாளின் வெற்றி, கடலுக்கு அந்தப் பக்கம் அது தோல்வியே இல்லை. எல்லாரும் நம்பிக்கையோடுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் மாயப் போரிலும் பூசாரி 28 நாள் உட்காரட்டும்; அந்த 28 நாளும் எல்லையில் ரத்தம் ஓடட்டும். முடிவில் அரசன் யாருக்கு ஊர் கொடுக்கிறான், யாருக்குக் கொடுக்க மறக்கிறான் என்று எழுதுங்கள். ஊர் கிடைக்காத தளபதியிடமிருந்து அடுத்த பாகம் பிறக்கும்.

4. சடங்குக்கு நாளும் இடமும் பொருளும் வேண்டும். அப்போதுதான் அதைக் கலைக்க முடியும்.

இந்திரசித்து நிகும்பலையில் வேள்வி செய்கிறான். அது முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது. வீடணன் அதை அறிந்து சொல்ல, இலக்குவன் படையோடு போய்ப் பாதியில் நிறுத்துகிறான். எத்தனை பேர் எத்தனை முறை கேட்ட கதை! இன்றும் அந்த இடத்தில் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். காரணம், வேள்வி பாதியில் நிற்கக் கூடியது என்பதுதான். எந்த நேரமும் எங்கும் பலிக்கும் மந்திரத்தில் பதற்றம் கிடையாது.

நம் ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. சிறுவனாக இருந்தபோது இதனால் ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் அழுதிருக்கிறேன். இப்போது யோசியுங்கள்: கையில் மஞ்சள் காப்புக் கட்டிய ஒரு தளபதி. எல்லைக்கு அந்தப்புறம் அவன் தம்பி மாட்டிக்கொண்டிருக்கிறான். எதிரிக்கும் காப்பு விஷயம் தெரியும். இதற்கு ஒரு மந்திரவாதியும் வேண்டாம்.

5. தோற்ற நாட்டின் தெய்வம் என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்தபோது அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைத் தூக்கி வந்தான். எங்கிருந்து, யார் கொண்டுவந்தது என்று சிலையின் பீடத்திலேயே வெட்டியிருக்கிறது. தாராசுரத்தில் இருந்த அது இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. செங்கமேடு என்ற ஊரில் கலிங்கப் பாணியில் காளியும் பைரவரும் சிவந்த கல்லில் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கல்லும் அல்ல, உளியும் அல்ல. பார்த்தவுடனே வேற்று நாட்டார் என்று தெரிந்துவிடும்.

அந்தச் சிலைகளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைவுதான். இந்தச் சாமிக்குக் கலிங்கத்தில் பூசை செய்துகொண்டிருந்தவர் என்ன ஆனார்? வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்து வந்தாரா? வந்திருந்தால், நம் எண்ணெயும் நம் பூவும் அந்தத் தெய்வத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தவித்திருப்பார். வேற்று மொழியில் வேண்டுதல் வைக்கும் புதுச் சனத்துக்கு அந்தத் தெய்வம் அருள் செய்ததா? கல்வெட்டு இதையெல்லாம் சொல்லாது. கதை எழுதுபவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு வயதாகிவிட்டது. உங்களில் ஒருவர் அந்தப் பூசாரியை எழுத வேண்டும் என்பது என் ஆசை.

6. எதிரியின் பூசாரியைக் கொடியவனாக்குவது எளிது. அந்த எளிய வழியில் போகாதீர்கள்.

கிரேக்கரின் இலியட் காவியம் தொடங்குவதே எதிர்ப்பக்கத்துப் பூசாரி ஒருவரின் கண்ணீரில்தான். அப்பல்லோவின் பூசாரி கிரைசஸ். மகளைச் சிறைபிடித்த படைத்தலைவனிடம் மீட்புப் பொருளோடு வந்து கெஞ்சுகிறார், அவமானப்பட்டுத் திரும்புகிறார். கடற்கரையில் தனியாக நின்று தன் தெய்வத்தை அழைக்கிறார். ஒன்பது நாள் கிரேக்கப் பாளையத்தில் கொள்ளைநோய் விழுகிறது. அந்தத் தகப்பன் மேல் யாருக்குக் கோபம் வரும்?

7. தெய்வத்தின் படைக்கும் வயிறு உண்டு.

கலிங்கத்துப்பரணியைப் பலர் ரத்தமும் குடலுமான நூல் என்று ஒதுக்குகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் நடத்திய படையெடுப்பு அதன் பொருள். ஆனால் செயங்கொண்டார் நம்மை நேரே களத்துக்குக் கூட்டிப் போவதில்லை. பாலையைக் கடந்து காளியின் கோயிலுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே பேய்கள் பட்டினியில் எலும்பும் தோலுமாகக் கிடக்கின்றன, காளியிடம் முறையிடுகின்றன. போரை நமக்குச் சொல்வதும் ஒரு பேய்தான். போர் முடிந்ததும் களத்தில் கூழ் அட்டு, பங்கு வைத்து, உண்டு, வாழ்த்துகின்றன. மனிதர்களின் பேரழிவு அந்தப் பக்கம் அறுவடையாக இருக்கிறது. தெய்வத்தின் கண் வழியாகப் போரைப் பார்க்கத் தமிழில் இதைவிடத் துணிச்சலான முயற்சி எனக்குத் தெரிந்து இல்லை. தெய்வங்களுக்குள்ளேயே நடக்கும் போர் வேண்டுமென்றால் ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணி இருக்கிறது. வேள்விச்சாலையே அங்கே போர்க்களம்.

அயல்நாட்டு விளையாட்டுகளிலிருந்து பேய்ப்படையின் பெயர்களை எடுக்கும் பிள்ளைகள் கலிங்கத்துப்பரணியை ஒருமுறை உரையோடு படித்துவிட்டு எழுதுங்கள். அருள், வாக்கு, குறி, உத்தரவு, நேர்த்திக்கடன், களப்பலி என்று ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு விதி இருக்கிறது.

8. தெய்வம் விதியை வளைக்கலாம். அதற்கான விலையை ஒரு மனிதப் பிள்ளை கொடுத்தாக வேண்டும்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து ஆடுவதைச் சிறு வயதில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். களப்பலி இரவை மறக்க முடியாது. போருக்கு நாள் குறிக்க வேண்டும். துரியோதனன் நேராகச் சகாதேவனிடம் போய்க் கேட்கிறான். பொய் சொல்லத் தெரியாத சகாதேவன் எதிரிக்கே அமாவாசையைச் சரியாகச் சொல்லிக் கொடுக்கிறான். அன்று களப்பலி கொடுப்பவருக்கு வெற்றி. கண்ணன் என்ன செய்கிறான்? ஒரு நாள் முன்னதாகவே ஆற்றங்கரையில் தர்ப்பணம் செய்ய உட்கார்ந்துவிடுகிறான். இது என்ன அநியாயம் என்று சூரியனும் சந்திரனும் சேர்ந்து கேட்க வருகிறார்கள். நீங்கள் இருவரும் சேர்ந்துவிட்டீர்கள், ஆகவே இன்றுதான் அமாவாசை என்கிறான்.

கதை இதோடு நின்றால் அது கண்ணனின் சாமர்த்தியம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருடிய அமாவாசையில் பலியாக ஒருவன் வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் உள்ளவர்கள் மூன்றே பேர்: கண்ணன், அருச்சுனன், அருச்சுனன் மகன் அரவான். கண்ணன் இல்லாமல் போர் இல்லை, அருச்சுனன் இல்லாமலும் இல்லை. எஞ்சியது பிள்ளை. அரவான் வேடக்காரர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பார். எங்கள் ஊர்ப் பெண்கள் விசும்புவது கேட்கும். கண்ணனே தெய்வம் என்று கும்பிடுகிறவர்கள்தான் அவர்கள். இருந்தும் அந்த இரவு அவர்கள் மனம் அரவானிடம்தான் இருந்தது.

மாயப் போர் எழுதுகிற ஒவ்வொருவரும் இந்த ஓர் இரவையாவது மண்ணில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். திரைக்கு அருகே உட்காருங்கள்.

9. போர் முடிந்த பிறகும் பூசாரிக்கு வேலை இருக்கிறது.

கங்கை வரை போன ராஜேந்திரன் படை, தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரைச் சுமத்திக் கொண்டுவந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த வெற்றிக்கு நீராலான தூணாகச் சோழகங்கம் ஏரியை ராஜேந்திரன் வெட்டினான். இன்று பொன்னேரி என்கிறோம். எங்கள் பக்கத்து ஏரி அது. கல்லில் நடும் வெற்றித்தூணைவிட அது பல நூறு ஆண்டுகள் பயிருக்குப் பயன்பட்டிருக்கிறது. வென்றவனின் பக்கம் போர் இப்படி முடிகிறது.

பலியானவனின் பக்கம் எப்படி முடிகிறது என்று பார்க்க, சித்திரை மாதம் உளுந்தூர்பேட்டைக்கு அருகே கூவாகம் போய் வாருங்கள். சாகும்முன் ஓர் இரவாவது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அரவான் கேட்டான். மறுநாள் தாலி அறுக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. கண்ணனே மோகினியாக வந்தான் என்பது கதை. ஊர் ஊராக வரும் திருநங்கையர் அரவானே கூத்தாண்டவராக இருக்கும் கோயில் முன் மணக்கோலத்தில் வரிசையாக நிற்பார்கள். பூசாரி ஒவ்வொருவருக்கும் தாலி கட்டுவார். விடிந்ததும் அரவானின் தேர் களத்துக்குப் போகும், ஒப்பாரி எழும், வளையல் உடையும். முதல் நாள் கட்டிய அந்தத் தாலிகள் களத்தில் அறுக்கப்படும். அவர்கள் வெள்ளைச் சேலை உடுத்துவார்கள்.