வெள்ளிக்கிழமை நிற்கும் வண்டி

பெங்களூரில் அல்சூர் என்று ஒரு பகுதி இருக்கிறது. தமிழ் பேசுவோர் நிறைய வாழும் இடம். அங்கே ஒரு பூக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். பைக்கை எடுத்துக்கொண்டு கே.ஆர். மார்க்கெட் போவார். மல்லி, கனகாம்பரம், செவ்வந்தி எல்லாம் வாங்குவார். மூட்டையைப் பின்னால் கட்டுவார். அங்கிருந்து நேரே பானசவாடி. அங்கே கோயில் வாசலில் அவருக்கு வாடிக்கையான பூக்கடைகள் உண்டு. விடிவதற்குள் பூ போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள்.

அவருடைய பைக் பழையது. நூறு சி.சி. வண்டி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நோய் வந்தது. மார்க்கெட்டிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும். பிறகு இழுவை குறையும். திக்கித் திணறி நின்றுவிடும். வீட்டருகே நின்றாலும் பரவாயில்லை. வீட்டைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். கிக்கரை உதைத்தாலும் கிளம்பாது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்பிவிடும்!

அதுவும் வெள்ளிக்கிழமைதான் அதிகம் நின்றது. வெள்ளிக்கிழமை பூவுக்கு நல்ல கிராக்கி. அன்று பார்த்து வண்டி நிற்கும்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை ராகு காலத்துல வண்டிய எடுக்கிறீங்களோ?" என்றார் மனைவி.

"வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான். இது அஞ்சு மணிக்கே நிக்குதே!" என்றார் பூக்காரர்.

எலுமிச்சம்பழம் கட்டிப் பார்த்தார்கள். பழம் வாடியது. வண்டி நின்றது.

முதல் மெக்கானிக் பிளக்கை மாற்றினார். 150 ரூபாய். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "சூப்பரா இருக்கு" என்றார். வெள்ளிக்கிழமை வண்டி நின்றது.

இரண்டாவது மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். 350 ரூபாய். அவரும் வாசலில் ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை நின்றது.

மூன்றாவது கடையில் "காயில் போயிருச்சு" என்றார்கள். புதுக் காயில் போட்டார்கள். 900 ரூபாய். மறுபடி நின்றது.

நான்காவது பெரிய கடை. கண்ணாடிக் கதவு, நாற்காலி எல்லாம் உண்டு. அங்கே வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என்ஜின் வேலை செய்யணும். எட்டாயிரம் ஆகும். வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்கள்.

எட்டாயிரத்துக்கு எங்கே போவது? மனைவியின் தோட்டை அடகு வைக்கலாமா என்று பேச்சு வந்தது.

பூக்காரர் ஆறு மாதம் இரவு வகுப்புக்குப் போனவர். மெதுவாக எழுதுவார். ஆனால் எழுதுவார். அடகுக் கடைக்குப் போவதை இரண்டு வாரம் தள்ளி வைத்தார். பூக்கணக்கு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வண்டி எப்போது நிற்கிறது என்று எழுதத் தொடங்கினார். ஒரு வாரம் எழுதியது இது:

வியாழன் மாலை: டேங்க் நிறைய பெட்ரோல் போட்டேன்.
வெள்ளி: 8 கி.மீ. ஓடி நின்றது. 10 நிமிடம் கழித்துக் கிளம்பியது.
சனி: 9 கி.மீ. ஓடி நின்றது.
ஞாயிறு: இழுவை இல்லை. நிற்கவில்லை.
திங்கள்: நிற்கவில்லை.
செவ்வாய்: நிற்கவில்லை.
புதன்: நிற்கவில்லை. பெட்ரோல் பாதிக்குக் கீழே.

அடுத்த வாரமும் அப்படியேதான் எழுத வேண்டி வந்தது.

சிவாஜிநகரில் வயதான ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லோரும் அவரை பாய் என்பார்கள். பூக்காரர் நோட்டை அவரிடம் நீட்டினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வண்டியைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் இரண்டு முறை பார்த்தார்.

"தம்பி, டேங்க் நிறைஞ்சா நிக்குது. குறைஞ்சா ஓடுது. நீயே எழுதி வச்சிருக்கியே! அடுத்த தடவை நின்னா கிக்கரை உதைக்காதே. டேங்க் மூடியத் திற. என்ன சத்தம் வருதுன்னு கேளு."

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி நின்றது. பூக்காரர் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியை மூடினார். சிறிது பொறுத்து உதைத்தார். வண்டி கிளம்பிவிட்டது!

என்ன நடந்தது? எண்ணெய் டின்னை நினைத்துப் பாருங்கள். டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். எண்ணெய் வெளியே வர, காற்று உள்ளே போக வேண்டும். பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். மூடியில் மிகச் சிறிய துளை ஒன்று இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அதன் வழியே காற்று உள்ளே போகும். தூசியும் மண்ணும் சேர்ந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டது. பெட்ரோல் இறங்காமல் நின்றது.

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். அதனால் சீக்கிரம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் குறைந்தால் காற்று நிறைய இருக்கும். நெடுந்தூரம் ஓடும். பத்து நிமிடம் சும்மா நின்றால் அடைபட்ட துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போய்விடும். வண்டி தானே கிளம்பும். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டினால் இது தெரியவே தெரியாது.

பாய் மூடியைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். காற்றடித்துத் துளையைத் திறந்தார். டீ செலவு மட்டும்தான்.

அந்த மூன்று மெக்கானிக்குகளும் ஏமாற்றுக்காரர்களா? அப்படிச் சொல்ல முடியாது. "வண்டி நிக்குது" என்று மட்டும் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? வழக்கமாகக் கெடுவது எதுவோ அதை மாற்றுவார்கள். ஆனால் வண்டியைத் தொடாமலே எட்டாயிரம் கேட்ட கடையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வேறு என்ன இருக்கலாம்?

எல்லா வண்டியிலும் மூடித் துளைதான் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். என்ஜின் ஓட பெட்ரோல் வேண்டும், காற்று வேண்டும், பிளக்கில் பொறி வேண்டும். நின்றுபோன வண்டியில் இவற்றில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் பெட்ரோல் வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு. வந்தால் பெட்ரோல் மேல் குற்றம் இல்லை. பொறியைச் சந்தேகப்படலாம். சில வண்டிகளில் காயில் சூடானால் பொறி தராது. ஆறினால் தரும். அந்த வண்டியும் சூட்டில் நிற்கும், ஆறினால் கிளம்பும். டேங்க் மூடியைத் திறந்து மூடினாலும் உடனே கிளம்பாது. இப்படித்தான் இரண்டையும் பிரித்து அறிய வேண்டும். பெட்ரோலைத் திறந்து பார்க்கும்போது பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சிந்தக் கூடாது.

பிளக்கின் நுனியும் சேதி சொல்லும். வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நலம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையாக இருந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால் என்ஜின் ஆயிலே எரிகிறது. அப்போதுதான் என்ஜினைப் பிரிக்கும் பேச்சே வர வேண்டும். அதற்கு முன்னால் ஆயில் அளவைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் டேங்குக்குள் தண்ணீர் இறங்குவதும் உண்டு. இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வண்டி திக்கும். நெடுநாள் ஓட்டாமல் வைத்த வண்டியில் டேங்கை இறக்கிக் கழுவச் சொல்வது நல்லது. பிளக் மூடியும் வயரும் நனைந்தாலும் பொறி வராது.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து புதிய மாசு விதி வந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி இருக்கிறது. மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு இருக்கும். வண்டி ஓடும்போது அது எரிந்தால் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அந்த வண்டியை வீட்டில் பிரிக்காதீர்கள். கோளாறைப் படிக்கும் கருவி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள்.

பில் எங்கே?

பூக்காரர் காயில் போட்ட கடைக்குப் போனார். "என் பழைய காயில் நல்லாத்தான் இருந்திருக்கு. அதைக் குடுங்க" என்றார்.

"அத அப்பவே குப்பையில போட்டுட்டோம்."

"அப்ப பில் குடுங்க."

"அன்னைக்கு நீங்க கேக்கலையே!"

அந்த 900 ரூபாய் போனது போனதுதான். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் எங்கே போய்க் கேட்பது?

வண்டியை விடும்போதே கடைக்காரர் ஒரு சீட்டு எழுதுவார். அதற்கு ஜாப் கார்டு என்று பெயர். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். என்ன கோளாறு, எவ்வளவு ஆகும், கூடுதல் வேலை என்றால் போனில் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "பழைய சாமானை என்னிடம் தர வேண்டும்" என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரிக்குக் கடையில் தனி மரியாதை உண்டு. வண்டியைத் திரும்ப எடுக்கும்போது நீங்களும் ஏறி, வழக்கமாக நிற்கும் தூரம் வரை ஓட்டிப் பாருங்கள். வாசலில் ஓட்டிக் காட்டுவது போதாது.

காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொன்னது. 2020 ஜூலை முதல் அதற்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. பில் தராமல் இருப்பதையும் புதிய சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

முதலில் கடைக்கே கடிதம் கொடுங்கள். பயன் இல்லையென்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கடைக்கு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

தேதி: ..........
ஐயா,
வண்டி எண் .......... உள்ள என் பைக்கை .......... தேதியில் உங்கள் கடையில் பழுது பார்த்தேன். பில் எண் .......... தொகை .......... ரூபாய். அதே கோளாறு .......... தேதியில் மறுபடி வந்தது. நான் எழுதி வைத்த விவரம் இத்துடன் உள்ளது. 15 நாளுக்குள் கட்டணம் இல்லாமல் சரிசெய்து தரவும். அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்.
இப்படிக்கு,
..........

கடிதத்தை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றில் கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

பயிற்சி

1. பூக்காரரின் நோட்டை மறுபடி படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏன் நிற்கவில்லை? பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுங்கள்.

2. உங்கள் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெட்ரோல் போட்ட நாள், ஆயில் மாற்றிய நாள், நின்ற இடம், அப்போது வெயிலா மழையா என்று ஒரு மாதம் எழுதுங்கள்.

3. ஒருவரின் வண்டி மழை நாளில் மட்டும் நிற்கிறது. வெயில் நாளில் எவ்வளவு தூரம் ஓடினாலும் நிற்பதில்லை. அவர் முதலில் எங்கே பார்க்க வேண்டும்? மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்? ஐந்து வரி எழுதுங்கள்.