டிஸ்சார்ஜ் சான்றிதழில் எழுதிய காரணத்தை எதிர்த்து மனு செய்வது எப்படி?

(கூட்டுறவு சங்கக் கல்வி வகுப்புகளுக்கான பாடம்)

படையில் சேவை செய்து திரும்பியவர்கள் நமது கிராமச் சங்கங்களில் பலர் அங்கத்தினர்களாக இருக்கிறார்கள். அவர்களுள் சிலர் சேவைக் காலம் முடியுமுன்னரே டிஸ்சார்ஜ் செய்யப்பட்டு ஊர் திரும்பியவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் சான்றிதழில் டிஸ்சார்ஜுக்குக் காரணம் இன்னதென்று குறிக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் ஒரு வரிக்கு மேற்படாது. ஆயினும் பென்ஷன் கிடைக்குமா, ஊனத்துக்குத் தனித்தொகை உண்டா, முன்னாள் படைவீரருக்குரிய சலுகைகள் பொருந்துமா என்பவையெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தே நிற்கின்றன. குடும்பத்தின் கடனும் நிலமும்கூட அதன் பின்னே நிற்கின்றன என்றால் மிகையாகாது.

எழுதப்பட்ட காரணம் தவறாயிருப்பின் அதை மாற்றச் சட்டத்தில் வழி உண்டு. வெட்கத்தாலோ, சர்க்கார் எழுதியதை யார் மாற்றுவார் என்ற எண்ணத்தாலோ பலர் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பெட்டியில் காகிதம் இருக்க, வெளியே காலக்கெடு கழிந்துகொண்டிருக்கிறது. ஆகவே இப்பாடத்தின் சாரம் மூன்று வாக்கியங்களில் அடங்கும்: காரணத்தைச் சரியாகப் படிக்க வேண்டும், அந்தக் காரணத்துக்கே பதில் சொல்ல வேண்டும், காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

1. காரணத்தைத் தாய்மொழியில் பெறும் உரிமை

1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 23-வது பிரிவு மிக முக்கியமானது. டிஸ்மிஸ், நீக்கம், டிஸ்சார்ஜ், ஓய்வு முதலிய எந்த வகையில் சேவை முடிந்தாலும், சிப்பாய் முதல் ஜூனியர் கமிஷன் அதிகாரி வரை உள்ளவர்களுக்கு அவர்களுடைய கமாண்டிங் ஆபீசர் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. அதில் மூன்று விஷயங்கள் இருத்தல் வேண்டும்: சேவையை முடித்த அதிகாரி யார், முடித்ததற்குக் காரணம் யாது, சேவை செய்த முழுக் காலம் எவ்வளவு. இவை இங்கிலீஷில் மட்டுமன்றி, அவருடைய தாய்மொழியிலும் எழுதப்பட வேண்டுமென்பது சட்டம். தமிழர் ஒருவர் தமக்கு நேர்ந்தது இன்னதென்று தமிழிலே அறிந்துகொள்ளும் உரிமையுடையவர். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஆகாயப் படைக்கு 1950-ஆம் வருஷத்துச் சட்டமும், கடற்படைக்கு 1957-ஆம் வருஷத்துச் சட்டமும் தனித்தனியே உள்ளன. இப்பாடம் தரைப்படையைக் குறித்தே எழுதப்படுகிறது.

2. காரணங்களின் வகைகள்

1954-ஆம் வருஷத்து ராணுவ விதிகளில் 13-வது விதி, யார் யாரை எக்காரணத்துக்காக டிஸ்சார்ஜ் செய்யலாம் என்பதை ஓர் அட்டவணையாகத் தருகிறது. சாதாரணச் சிப்பாய்களைப் பொறுத்தவரை நாம் கவனிக்க வேண்டிய வகைகள் நான்கு:

(அ) சேரும்போது ஒப்புக்கொண்ட காலத்தை முடித்தவர்.

(ஆ) காலம் முடியுமுன் தாமே கேட்டு விலகியவர்.

(இ) மேற்கொண்டு சேவை செய்ய உடல் தகுதியற்றவர் என்று மெடிகல் போர்டு கண்டவர்.

(ஈ) மேற்கண்டவற்றுள் அடங்காத மற்றெல்லா வகையினர். 'சேவை இனி வேண்டியதில்லை' என்று அனுப்பப்படுவோர் இதில் சேர்வர்.

டிஸ்சார்ஜ் வேறு, டிஸ்மிஸ் வேறு என்பதையும் அறிதல் வேண்டும். டிஸ்மிஸ் ஆனவர் சாதாரணமாகப் பென்ஷனை இழந்துவிடுகிறார். டிஸ்சார்ஜ் ஆனவர் அதுவரை சம்பாதித்த உரிமையை அந்தக் காரணத்தால் மட்டும் இழப்பதில்லை. ஆனால் சிப்பாய்க்குச் சேவைப் பென்ஷன் கிடைப்பதற்கு 15 வருஷத் தகுதிச் சேவை வேண்டும். 12 அல்லது 13 வருஷத்தில் (ஈ) வகையில் அனுப்பப்படுகிறவர் இரண்டு மூன்று வருஷக் குறைவினால் ஆயுட்காலப் பென்ஷனையே இழக்க நேரிடுகிறது. மத்திய அரசு உத்தியோகங்களில் முன்னாள் படைவீரருக்குள்ள ஒதுக்கீட்டைக் குறித்த 1979-ஆம் வருஷத்து விதிகளும், ஒருவர் எவ்வகையில் சேவையிலிருந்து வந்தார் என்பதைப் பார்த்தே அவரை முன்னாள் படைவீரராகக் கொள்கின்றன.

பெரும்பாலான வழக்குகள் எழுவது (இ), (ஈ) ஆகிய இரு வகைகளிலேதான். அவற்றைத் தனித்தனியே பார்ப்போம்.

3. நோயினால் அனுப்பப்பட்டவர்

இவ்வகையில் டிஸ்சார்ஜையே எதிர்ப்பவர்கள் குறைவு. மெடிகல் போர்டு சேர்த்து எழுதும் மற்றொரு வாக்கியமே தகராறுக்கு இடமாகிறது. 'இந்நோய் படைச் சேவையால் உண்டானதன்று. சேவையால் அதிகப்பட்டதுமன்று' என்பதே அவ்வாக்கியம். 1961-ஆம் வருஷத்துப் பென்ஷன் விதிகளில் 173-வது விதியின்படி, ஊனம் சேவையால் உண்டானதாகவோ அதிகப்பட்டதாகவோ இருந்து, நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் மதிப்பிடப்பட்டால்தான் ஊனப் பென்ஷன் கிடைக்கும். ஆகவே அந்த ஒரு வாக்கியம் பென்ஷனை அடியோடு அடைத்துவிடுகிறது.

இதைக் குறித்து 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு பலருக்கு வழிகாட்டியது. 1985-இல் சிக்னல் படையில் சேர்ந்த ஒரு சிப்பாய் வலிப்பு நோயினால் 1994-இல் அனுப்பப்பட்டார். ஊனம் 20 பங்கு என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் நோய்க்கும் சேவைக்கும் சம்பந்தமில்லை என்று பென்ஷன் மறுக்கப்பட்டது. கோர்ட்டு 1982-ஆம் வருஷத்து விதிகளை ஆராய்ந்தது. படையில் சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படாவிட்டால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் சேவையால் வந்ததன்று என்பதை நிரூபிக்கும் பாரம் சிப்பாய்மேல் இல்லை. மெடிகல் போர்டு வேறுவிதமாகக் கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். அவ்வழக்கில் போர்டு காரணமெதுவும் எழுதவில்லை. ஆதலால் தீர்ப்புச் சிப்பாய்க்குச் சாதகமாயிற்று.

இத்தீர்ப்பிலிருந்து நாம் கற்பது யாதெனில், மனுவில் 'நான் ஏழை, எனக்கு நிலமில்லை' என்று எழுதுவது மட்டும் பயன் தராது. சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனையில் என்ன எழுதப்பட்டது, நோய் முதலில் எந்த ஊரில் எந்தச் சேவையிலிருக்கும்போது கண்டது, போர்டு காரணம் காட்டியதா என்ற மூன்றுக்கும் மனுவில் பதில் இருக்க வேண்டும். எக்காலத்து விதிகள் பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். 1982-க்குப் பின் 2008-ஆம் வருஷத்து விதிகள் வந்தன. 2023 செப்டம்பர் 21 முதல் வேறு புது விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன. முந்திய தீர்ப்பைக் கண்டு, அதே நியாயம் தமக்கும் அப்படியே பொருந்துமென்று எண்ணிவிடலாகாது.

4. 'சேவை இனி வேண்டியதில்லை'

தண்டனைகளைச் சேவைக் குறிப்பில் பதியும்போது, கடுமையான சிலவற்றைச் சிவப்பு மையில் பதிவது ராணுவ வழக்கம். நான்கு சிவப்பு மைப் பதிவுகள் சேர்ந்தவரை (ஈ) வகையில் அனுப்பும் பழக்கம் நெடுநாள் இருந்து வந்தது. நான்கு பதிவு என்றாலே வேலை போயிற்று என்று சிப்பாய்களும் நம்பினார்கள்.

2015 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு இதை மறுத்தது. நான்கு பதிவு என்ற எண்ணிக்கை மட்டும் டிஸ்சார்ஜுக்குப் போதாது என்றும், 1988 டிசம்பர் 28-ந் தேதியிட்ட ராணுவத் தலைமையகத்தின் உத்தரவுப்படி முதலில் விசாரணை நடத்த வேண்டும் என்றும் அது கூறியது. நீண்ட சேவை, கஷ்டமான இடங்களில் பட்ட சிரமம் ஆகியவற்றைச் சீர்தூக்கி, மிக அவசியமானபோதே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டுமென்று அவ்வுத்தரவிலேயே இருந்தது. விசாரணையின்றி அனுப்பப்பட்ட அந்தச் சிப்பாய், பென்ஷனுக்குரிய சேவை நிறையும் வரை சேவையிலிருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் இடைக்காலச் சம்பளம் கொடுக்கப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பல தண்டனைகள் பெற்றவரும், காரணங்காட்டும் நோட்டீசு கொடுத்து விளக்கம் கேட்கப்பட்டவருமான வேறொரு சிப்பாயின் டிஸ்சார்ஜை 2019-இல் அதே கோர்ட்டு செல்லுமென்று சொல்லிற்று. நோட்டீசு கொடுத்து விளக்கம் கேட்டதே போதிய விசாரணை என்று அப்போது கருதப்பட்டது. ஆகவே மனு செய்கிறவர் தமக்கு நோட்டீசு வந்ததா, விளக்கம் எழுதிக் கொடுத்தாரா, அதைப் பரிசீலித்தார்களா என்பவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். மறைத்து எழுதிய மனு, எதிர்த்தரப்பு ஆஸ்பதம் காட்டிய அன்றே விழுந்துவிடும்.

5. மனுவின் படிகள்

முதற்படி, தஸ்தாவேஜு சேகரித்தல். டிஸ்சார்ஜ் புத்தகம், சான்றிதழ், மெடிகல் போர்டு நடவடிக்கை, நோட்டீசு, விளக்கம், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். கையில் இல்லாதவற்றை அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசில் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெல்லிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரிலும் தலைமை இடம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படியும், 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இரண்டாம் படி, இலாகாவுக்குள்ளேயே முறையிடுதல். சேவையிலிருக்கும்போதே அநியாயம் நேர்ந்தால் ராணுவச் சட்டம் 26-வது பிரிவின்கீழ் மேலதிகாரியிடம் முறையிடலாம். வெளியே வந்துவிட்டவர், டிஸ்சார்ஜ் உத்தரவிட்டவருக்கு மேலுள்ள அதிகாரிக்கு மனு அனுப்ப வேண்டும். ஊனப் பென்ஷன் மறுக்கப்பட்டவருக்கு, மறுப்புக் கடிதத்திலேயே எத்தனை மாதத்துக்குள் யாருக்கு அப்பீல் செய்யலாம் என்று கண்டிருக்கும்.

மூன்றாம் படி, ஆயுதப்படை டிரிப்யூனல். இது 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டு, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதன் கிளையொன்று சென்னையில் இருக்கிறது. அதன் முடிவில் சட்டப்பிழை இருப்பின் ஐகோர்ட்டுக்கு ரிட் மனு செய்யலாமென்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்திருக்கிறது.

6. காலக்கெடு

டிரிப்யூனல் சாதாரணமாக, இலாகாவில் முறையிட்டு முடித்தவரின் மனுவையே ஏற்கும். இலாகா கடைசி உத்தரவு கொடுத்தால் அத்தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் டிரிப்யூனலுக்குப் போக வேண்டும். உத்தரவே வராவிட்டால் மனு கொடுத்து 6 மாதம் பொறுத்து, அதன்பின் 6 மாதத்துக்குள் போக வேண்டும். உதாரணமாக, ஜனவரி முதல் தேதி மனு கொடுத்து ஜூன் கடைசி வரை பதிலில்லையெனில், டிசம்பர் முடிவதற்குள் டிரிப்யூனலில் தாக்கல் ஆகிவிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் டிரிப்யூனல் மன்னிக்கலாம். ஆனால் மன்னிப்பு உரிமையன்று.

பென்ஷன் மாதாமாதம் வர வேண்டிய தொகையாதலால் அதற்குச் சிறிது சலுகை உண்டு. 1983-இல் நோயினால் அனுப்பப்பட்ட ஒருவர் 16 வருஷம் கழித்து வழக்குத் தொடுத்தார். 2008-இல் சுப்ரீம் கோர்ட்டு, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்திய மூன்று வருஷப் பாக்கி மட்டுமே கொடுக்கலாமென்று தீர்ப்பளித்தது. அதாவது, உரிமை பிழைத்தது; ஆனால் 13 வருஷப் பணம் போயிற்று. டிஸ்சார்ஜ் உத்தரவையே ரத்து செய்யக் கேட்பவருக்கு இந்தச் சலுகையும் கிடைப்பது அரிது.

7. சங்கம் செய்யக்கூடியவை

சங்கம் வழக்காடும் ஸ்தாபனமன்று. ஆயினும் அதனால் ஆகக்கூடிய காரியங்கள் சில உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர், படையிலிருந்து வந்தவருடைய சான்றிதழை அவருக்கும் அவர் மனைவிக்கும் நிதானமாகப் படித்துக் காட்டலாம். தேதிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக் கொடுக்கலாம். மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்தச் சொல்லலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லலாம். பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டென்பதையும் தெரிவிக்கலாம்.

முக்கியமாக, 'மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள், பென்ஷன் வாங்கித் தருகிறேன்' என்று வரும் தரகர்களிடம் நகையையும் நிலத்தையும் அடகு வைக்காதபடி தடுக்க வேண்டும். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எவரிடமும் கொடுத்துவிடலாகாது. பஞ்சாயத்தார் இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் ஒரு குடும்பமாவது கடனிலிருந்து தப்பும்.

பிழையான காரணத்தோடு வீடு திரும்பியவருக்குப் பணத்தைவிடப் பெயரே பெரிது. ஊரார் வாயில் 'துரத்தப்பட்டவன்' என்ற சொல் அடங்குவது, அவர் கையில் திருத்தப்பட்ட காகிதம் வரும்போதுதான். அதுவரை அவரைச் சங்கக் கூட்டத்தில் மற்ற அங்கத்தினர்களோடு சமமாக உட்கார வைப்பது நமது கடமை.

வகுப்பில் விவாதிப்பதற்குரிய கேள்விகள்

(1) 23-வது பிரிவின்படி சான்றிதழில் இருக்க வேண்டிய மூன்று விஷயங்கள் யாவை? எந்தெந்த மொழிகளில் இருக்க வேண்டும்?

(2) டிஸ்சார்ஜுக்கும் டிஸ்மிஸுக்கும் பென்ஷன் விஷயத்தில் என்ன வேற்றுமை?

(3) நோயினால் அனுப்பப்பட்டவர் தமது மனுவில் எந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்?

(4) மார்ச் முதல் தேதி இலாகாவுக்கு மனு அனுப்பியவருக்குப் பதில் வரவில்லை. அவர் எந்த மாத முடிவுக்குள் டிரிப்யூனலுக்குப் போக வேண்டும்?

(5) உங்கள் கிராமத்தில் காலம் முடியுமுன் படையிலிருந்து வந்தவர்கள் உண்டா? அவர்களுடைய சான்றிதழை அவர்களுக்குப் படித்துக் காட்டியவர் யாரேனும் உண்டா?