சந்தேகம் ஒன்று, ஆங்கிலச் சொற்கள் நான்கு



நாம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. தமிழில் ‘சந்தேகம்’ என்று ஒரே சொல்லால் நாம் சொல்லிவிடுவதை ஆங்கிலத்தில் டிஸ்ட்ரஸ்ட், மிஸ்ட்ரஸ்ட், சஸ்பெக்ட், டௌட் எனப் பல சொற்களாகப் பகுத்து வழங்குகிறார்கள். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் அது வெறும் இலக்கணப் பிழையோடு நின்றுவிடாது. சில வேளைகளில் ஒரு மனிதரின் பிழைப்பையே கெடுத்துவிடும்.

டிஸ்ட்ரஸ்ட்: இதற்கு நேரான தமிழ் ‘அவநம்பிக்கை’. இரண்டு சொற்களும் ஒரே விதமாக அமைந்திருப்பது வியப்புக்குரியது. ‘அவ’ என்னும் வடமொழி முன்னொட்டு ‘நம்பிக்கை’ என்னும் தமிழ்ச் சொல்லோடு சேர்ந்தது போலவே, ‘டிஸ்’ என்னும் லத்தீன் முன்னொட்டு, வட ஐரோப்பிய மொழி வழிவந்த ‘ட்ரஸ்ட்’ என்பதோடு சேர்ந்திருக்கிறது. இது பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும். ‘அவன்மேல் நம்பிக்கை இல்லை’ என்று தமிழில் சொல்லிப் பழகியதால் ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் ஆன் ஹிம்’ என்று எழுதுவோர் உண்டு. இது தவறு. ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் ஹிம்’ என்பதே சரி. பெயர்ச்சொல்லாக வரும்போது ‘ஆஃப்’ சேரும்: ‘டிஸ்ட்ரஸ்ட் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, அதாவது அந்நியரிடத்து அவநம்பிக்கை.

மிஸ்ட்ரஸ்ட்: இது மேற்சொன்னதைவிடச் சற்று மூத்த சொல், 14ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. பலர் இரண்டையும் ஒரே பொருளில் ஆளுகிறார்கள், அது குற்றமன்று. நுட்பமாக எழுதுவோர் மாத்திரம், ஒருவர் ஏமாற்றியதை அறிந்தபின் வருவதை டிஸ்ட்ரஸ்ட் என்றும், காரணம் சொல்லத் தெரியாமல் மனம் தயங்குவதை மிஸ்ட்ரஸ்ட் என்றும் வேறுபடுத்துவர்.

டௌட், சஸ்பெக்ட்: ஆபத்து இவ்விரண்டிலேதான் இருக்கிறது. ஒரு கடையில் 50 வெள்ளி காணாமற் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்த்த வாலிபர் வேறிடத்தில் வேலைக்கு மனுச் செய்கிறார். புதிய முதலாளி விசாரித்துக் கடிதம் எழுதுகிறார். பழைய முதலாளி நல்ல மனத்தோடு, “அவர் எடுத்திருப்பார் என்பது சந்தேகமே” என்று கிராணியிடம் சொல்கிறார். கிராணி அதை ‘ஐ சஸ்பெக்ட் ஹி டுக் தி மணி’ என்று எழுதிவிடுகிறார். இதன் பொருள் என்ன? “அவர்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்” என்பது! காப்பாற்ற எழுந்த வாக்கு கள்வன் என்று காட்டிக்கொடுத்துவிட்டது. ‘ஐ டௌட் தட் ஹி டுக் தி மணி’ என்று எழுதியிருந்தால் அந்த வாலிபருக்கு வேலை கிடைத்திருக்கும்.

ஆகவே ஒரு சூத்திரம் சொல்கிறோம், மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தமிழில் ‘எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்’ என வந்தால் சஸ்பெக்ட். ‘எடுத்திருப்பார் என்பது சந்தேகமே’ என வந்தால் டௌட். முன்னது ‘இருக்கும்’ என்ற பக்கம் சாய்கிறது. பின்னது ‘இராது’ என்ற பக்கம் சாய்கிறது. நம் அண்டை மொழியாகிய மலாயில், அரபியிலிருந்து வந்த ‘ஷக்’ என்னும் சொல்லும் தமிழ்ச் சந்தேகத்தைப் போல இரண்டு பக்கமும் நிற்கக்கூடியதே. எனவே மலாயிலிருந்து ஆங்கிலமாக்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். ‘சஸ்பிஷியஸ்’ என்பது சந்தேகப்படுபவரையும் குறிக்கும், சந்தேகத்துக்கு ஆளானவரையும் குறிக்கும். சந்தேகப்படுபவரைக் குறிக்கையில் ‘சஸ்பிஷியஸ் ஆஃப்’ என்று எழுதி, யாரை என்பதையும் சொல்லிவிடுங்கள், மயக்கம் தீரும். அடுத்து, ஆசிரியரிடம் கேள்வி கேட்கும்போது ‘ஐ ஹேவ் எ டௌட்’ என்கிறோம். தமிழரிடையேயும் இந்தியாவிலும் இது பெருவழக்கு. ஆங்கிலேயர் காதில் அது ‘நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை’ என்பது போல ஒலிக்கக்கூடும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டியன்’ என்பதே நன்று. டௌட் என்று எழுதும்போது வரும் ‘பி’ எழுத்தை உச்சரிக்கலாகாது என்பதையும் மறவாதீர்கள்.

பயிற்சி: உரிய சொல்லைத் தேர்க.

1. இன்று மழை பெய்யும் என்பது சந்தேகமே.
2. இந்தக் கையெழுத்து போலியோ என்று சந்தேகம்.
3. ஒரு முறை ஏமாற்றியவர். அவரிடம் நம்பிக்கை இல்லை.

விடை: 1. டௌட். 2. சஸ்பெக்ட். 3. டிஸ்ட்ரஸ்ட்.

பிறரைப் பற்றி ஒரு வரி எழுதுமுன் அகராதியை ஒரு தடவை புரட்டுவது சிறு சிரமந்தான். ஆனால் அந்த ஒரு வரியில் இன்னொருவருடைய நற்பெயர் அடங்கியிருக்கிறது.